பதின்மூன்று வருஷம், பைசா வாடகை இல்லை

லண்டனில் ஃபிளாட் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வேலை விஷயமாக இரண்டு வருஷம் பெங்களூருவில் இருக்க வேண்டும். அதுவரை ஃபிளாட்டில் மச்சினன் இருந்துகொள்ளட்டும் என்று வீட்டில் முடிவு. வாடகை கிடையாது. கரண்ட், கேஸ் பில் மட்டும் அவன் பொறுப்பு. "இதுல ஏதாவது வில்லங்கம் வருமா? நீதான் பழைய தீர்ப்பெல்லாம் தோண்டுறவனாச்சே."

நான் வக்கீல் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் ஆலோசனை சொல்லவில்லை. ஆனால் கேள்வியின் பின்னாலேயே போனபோது ஏறக்குறைய இருநூறு வருஷக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் லீஸ்ஹோல்ட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் "வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் வாங்கியது நீண்டகாலக் குத்தகை. 99 வருஷம், 125 வருஷம், சில இடங்களில் 999 வருஷம். கட்டடமும் நிலமும் வேறொருவருக்குச் சொந்தம், அவர் ஃப்ரீஹோல்டர். ஏன் இப்படி? ஒரு காரணம் நீதிமன்றத்தில் இருக்கிறது. "கூரை ஒழுகினால் செலவில் பங்கு கொடுப்பேன்" என்பது போன்ற, பணம் செலவழிக்க வைக்கும் உறுதிமொழிகள் ஃப்ரீஹோல்ட் சொத்தை அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று 1885-இல் ஓல்டம் நகராட்சி வழக்கில் தீர்ப்பானது. குத்தகையில் அந்தத் தொல்லை இல்லை. குத்தகை கை மாறினால் நிபந்தனைகளும் கூடவே போகும். மாடி மேல் மாடி கட்டி விற்க வேண்டுமென்றால் குத்தகைதான் வசதி என்றாகிவிட்டது.

ஆக, ஃபிளாட்காரரே ஒருவகையில் குடித்தனக்காரர்தான். அவர் தன் மச்சினனையோ அம்மாவையோ சும்மா குடிவைக்கும்போது இரண்டு பக்கமும் கேள்வி வருகிறது. கீழே இருக்கிற உறவுக்காரருக்கு அந்த வீட்டில் ஏதாவது உரிமை பிறக்குமா? மேலே இருக்கிற ஃப்ரீஹோல்டர் "நிபந்தனையை மீறிட்டீங்க" என்று வந்து நிற்க முடியுமா? பார்க்க வேறு வேறு கேள்விகள். ஆனால் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: வாடகை கொடுக்காமல் குடியிருப்பவருக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

ஒன்று கூட்டல் பன்னிரண்டு

1952-இல் ஒரு வழக்கு, காப் எதிர் லேன். சகோதரி ஒருவர் தனக்குச் சொந்தமான வீட்டில் சகோதரனை வாடகையில்லாமல் இருக்கவிட்டார். அவர் 13 வருஷத்துக்கு மேல் இருந்தார். வீட்டைத் திருப்பிக் கேட்டபோது, "இது இப்ப என் வீடு" என்றார்.

என்ன துணிச்சல் என்று தோன்றும். ஆனால் அவர் கணக்கு தப்பான கணக்கு இல்லை. அந்தப் பதின்மூன்றைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

1833-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு காலவரம்புச் சட்டம் போட்டது. நிலத்தை வேறொருவர் அனுபவித்துக்கொண்டிருக்க, உரிமையாளர் 20 வருஷம் வழக்குப் போடாமல் இருந்தால் அவருடைய உரிமை போய்விடும். 1874 சட்டம் இதை 12 வருஷமாகக் குறைத்தது. நம்ம ஊர்ப் பத்திரங்களில் எதிரிடை அனுபவம் என்று சொல்வதன் தாத்தா இதுதான்.

ஆனால் உரிமையாளரின் சம்மதத்தோடு இருப்பவர் விஷயத்தில் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கும்? வாடகையும் இல்லை, கெடுவும் இல்லை, உரிமையாளர் "போதும்" என்று சொல்லும்வரை இருக்கலாம் என்கிற ஏற்பாட்டுக்கு ஆங்கிலச் சட்டத்தில் "டெனன்சி அட் வில்" என்று பெயர். விருப்பம் இருக்கும்வரை குடித்தனம். 1833 சட்டம் இதற்கு ஒரு கற்பனையைச் சேர்த்தது: அப்படிப்பட்ட குடித்தனம் ஒரு வருஷம் முடிந்ததும் தானாக முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். அங்கிருந்து கடிகாரம் ஓடும். ஒன்று கூட்டல் பன்னிரண்டு, பதின்மூன்று.

இதில் இருக்கும் அநியாயத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் வாடகை வாங்கியவர் பிழைத்தார். ஒவ்வொரு தடவை வாடகை வாங்கும்போதும் கடிகாரம் திரும்ப ஆரம்பத்துக்கு வந்துவிடும். "நமக்குள்ள என்னப்பா வாடகை" என்று விட்டவர் வீட்டை இழந்தார். தாராள மனசுக்குத்தான் தண்டனை. 1899-இல் லைன்ஸ் எதிர் ஸ்னெய்த் என்ற வழக்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வாடகையில்லாமல் ஒரு சிறு வீட்டில் இருந்தவர், அந்த வீட்டைத் தனியாகத் தன் சுவாதீனத்தில் வைத்திருந்தார். ஆகவே அவர் வெறும் அனுமதியில் இருப்பவர் இல்லை, டெனண்ட் அட் வில். கடிகாரம் ஓடிவிட்டது, வீடு அவருக்கு. தனிச் சுவாதீனம் இருந்தால் குடித்தனம்: அன்றைய அளவுகோல் இதுதான். மனசில் என்ன நினைத்துக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

1952-இன் சகோதரன் இந்த அளவுகோலை நம்பித்தான் நீதிமன்றம் போனார். ஆனால் நடுவில் இரண்டு உலகப்போர் வந்து போயிருந்தது.

குண்டு விழுந்த வீடுகள்

முதல் போர் வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1915-இல் கிளாஸ்கோவில் வாடகை உயர்வுக்கு எதிராகப் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்துக்குப் பிறகு, அந்த வருஷமே வாடகையை முடக்கிச் சட்டம் வந்தது. அதன் வாரிசுச் சட்டங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. அதிலிருந்து "டெனண்ட்" என்ற சொல்லின் எடை கூடிவிட்டது. ஒருவர் டெனண்ட் என்று ஆகிவிட்டால் அவரைக் கிளப்புவது பெரும்பாடு. சில சமயம் அவர் இறந்த பிறகு கூட இருந்த குடும்பத்தாருக்கும் உரிமை போகும்.

இரண்டாம் போர் வேறு ஒன்றைக் கொண்டுவந்தது: வீடிழந்த ஜனங்கள். புக்கர் எதிர் பால்மர் என்ற 1942 வழக்கில், குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பத்துக்கு ஒரு சிறு வீட்டைப் போர் முடியும்வரை வாடகையில்லாமல் இருக்கக் கொடுத்திருந்தார்கள். பிறகு தகராறு வந்தது. அவர்கள் டெனண்டா? லார்டு கிரீன் இல்லை என்றார். ஆபத்துக்கு உதவியவர்கள் எவரும் அந்த நேரத்தில் குத்தகைச் சட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. சட்ட உறவு எதையும் உண்டாக்கும் எண்ணமே அங்கே இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த வாசல் ஒருமுறை திறந்ததும் வழக்குகள் வரிசையாக அதன் வழியே போயின. 1950-இல் ஃபாஸ்டர் எதிர் ராபின்சன். வயதாகி வேலைக்கு முடியாமல் போன பண்ணைத் தொழிலாளியிடம் முதலாளி, "இனிமே வாடகை வேண்டாம், உசிரோட இருக்கிற வரைக்கும் இங்கேயே இரு" என்கிறார். அவர் இறந்ததும் கூட இருந்த மகள், அப்பாவின் குடித்தன உரிமை தனக்கு வர வேண்டும் என்கிறார். இல்லை என்றது நீதிமன்றம்: வாடகை நின்ற அன்றே பழைய குடித்தனம் முடிந்தது, அதன் பிறகு அவர் இருந்தது லைசென்ஸில். அந்த மகளின் நிலையை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வேறு மாதிரி போயிருந்தால், அடுத்த முதலாளி யாரும் கிழவரிடம் "வாடகை வேண்டாம்" என்று சொல்லியிருக்க மாட்டார். நீதிபதிகள் பயந்தது அதற்குத்தான்.

லைசென்ஸ் என்றால் இங்கே கடையில் மாட்டும் காகிதம் இல்லை. வெறும் அனுமதி. அது இல்லாமல் உள்ளே வந்தால் அத்துமீறல். இருந்தால் அத்துமீறல் இல்லை. நிலத்தில் எந்தப் பங்கையும் அது தராது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால் ஃபைலைத் திறந்து படிக்கும் அனுமதி, ஃபைலின் உரிமை இல்லை.

1952-இல் காப் எதிர் லேன் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தபோது நீதிபதிகள் 1899-இன் அளவுகோலை ஓரம் வைத்தார்கள். தனிச் சுவாதீனம் இருந்தது உண்மைதான். அது மட்டும் போதாது. கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தார்? சகோதரனுக்குத் தங்க இடம். அவ்வளவுதான். அவர் லைசென்ஸில் இருந்தவர், டெனண்ட் அட் வில் இல்லை. ஆகவே ஒரு வருஷக் கற்பனை அவருக்குப் பொருந்தாது. கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் டென்னிங். இதற்குச் சில மாதம் முன்பு, 1951 டிசம்பரில், இதே "லைசென்ஸ்" என்ற சொல்லை வைத்து நேர் எதிரான ஒரு காரியத்தை அவர் செய்திருந்தார்.

மருமகளிடம் இருந்த புத்தகம்

எரிங்டன் வழக்கு. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம்ம தெருவில் நடந்த கதை மாதிரியே இருக்கும்.

நியூகாசில் நகரம், 1936. மகனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. அப்பா 750 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்குகிறார். 250 கையிலிருந்து போடுகிறார், மீதி 500 வீட்டுக்கடன். வாரம் 15 ஷில்லிங் தவணை. வீடு அப்பா பெயரில். அந்த 250 உங்களுக்கு என் அன்பளிப்பு, தவணையை நீங்கள் கட்டிக்கொண்டு வாருங்கள், கடன் தீர்ந்ததும் வீட்டை உங்கள் பெயருக்கே எழுதி வைக்கிறேன் என்கிறார். கடன் தவணைப் புத்தகத்தை மகன் கையில் கொடுக்கவில்லை. மருமகள் கையில் கொடுத்து, யாரிடமும் கொடுத்துவிடாதே என்று சொல்கிறார். மகனை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்பது வருஷம் கழித்து, 1945-இல், அப்பா இறந்துபோகிறார். உயிலில் சொத்தெல்லாம் மனைவிக்கு. கொஞ்ச நாளில் மகன் பெண்டாட்டியை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறான். மருமகள் அங்கேயே இருந்து தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மாமியார் வழக்குப் போடுகிறார்: வீடு என் பெயரில், இவளைக் கிளப்புங்கள்.

எழுத்தில் ஒன்றும் இல்லை. மருமகள் டெனண்டும் இல்லை. அவள் கட்டியது கடன் தவணை, வாடகை இல்லை. வெறும் லைசென்ஸ் என்றால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஆனால் டென்னிங் சொன்னார்: இது லைசென்ஸ்தான், ஆனால் ஒரு வாக்குறுதியோடு சேர்ந்த லைசென்ஸ். தவணை கட்டினால் வீடு என்று அப்பா சொன்னார். அவர்கள் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆரம்பித்த பிறகு அவரால் வார்த்தையை வாபஸ் வாங்க முடியாது. அவரால் முடியாதது அவர் சொத்துக்கு வந்தவராலும் முடியாது. தவணை ஒழுங்காகப் போகும்வரை மருமகளைக் கிளப்ப முடியாது.

பிற்பாடு சட்ட அறிஞர்கள் இதை நன்றாகவே துவைத்தார்கள். மூன்றாம் நபரையும் கட்டுப்படுத்தும் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, முடிவு சரியாக இருந்தாலும் வழி தப்பு என்று 1987-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. இருக்கட்டும். சகோதரனை வெளியே அனுப்பிய சொல்லும் மருமகளை உள்ளே வைத்த சொல்லும் ஒன்றே. நடுவில் இருந்த வித்தியாசம் வாரம் 15 ஷில்லிங்கும் ஒரு வாக்கும். 1978-இல் ஹார்ட்விக் எதிர் ஜான்சன் என்று இன்னொரு வழக்கு: மாமியார் வாங்கிய வீடு, மாதம் 28 பவுண்டு கொடுப்பதாக ஏற்பாடு, மகன் வேறொருத்தியோடு போய்விட்டான், மருமகள் உள்ளே, மாமியார் வெளியே நின்று வழக்கு. அதிலும் மருமகளுக்குத்தான் வெற்றி. அவள் பணம் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

1965-இல் இன்வர்ட்ஸ் எதிர் பேக்கர். அப்பாவின் நிலத்தில், அப்பா சொன்னதைக் கேட்டு, மகன் பங்களா கட்டிக்கொண்டான். பழைய உயில்படி நிலம் வேறு ஆட்களுக்குப் போனது. கட்டியவன் விரும்பும்வரை இருக்கலாம் என்று தீர்ப்பு. ஆக "சும்மா இரு" என்று சொல்வது ஒன்று. "செலவு பண்ணு, பிறகு உனக்குத்தான்" என்று சொல்வது வேறு. குடும்பத்தில் இரண்டும் ஒரே சாப்பாட்டு மேஜையில் ஒரே மூச்சில் சொல்லப்படுவதுதான் பிரச்சினை.

வாடகை வாங்கும் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒப்பந்தத்தின் தலையில் "லைசென்ஸ்" என்று அச்சடித்து வாடகைச் சட்டத்திலிருந்து தப்பப் பார்த்தார்கள். 1985-இல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு வழக்கில், வாரம் 37 பவுண்டு வாடகைக்கு இரண்டு அறை எடுத்திருந்த பெண் விஷயத்தில், லார்டு டெம்பிள்மேன் அந்தக் கதவை மூடினார். ஐந்து பல் வைத்த மண்கிளறியைச் செய்துவிட்டு மண்வெட்டி என்று பெயர் வைத்தால் அது மண்வெட்டி ஆகிவிடாது என்பது அவர் சொன்ன உவமை. தனிச் சுவாதீனம், காலம், வாடகை இருந்தால் அது குடித்தனம்தான். ஆனால் குடும்ப ஏற்பாடு, நட்புக்காக, இரக்கத்துக்காகக் கொடுத்தது ஆகியவற்றை மட்டும் அவர் தொடவில்லை. காப் எதிர் லேன் பிழைத்தது. அந்த ஒரு வருஷக் கற்பனையையும் நாடாளுமன்றம் 1980-இல் எடுத்துவிட்டது.

சென்னைக்கு ஒரு கிளை

இங்கிலாந்து இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது சென்னை மாகாணத்தில் இதில் பாதி ஏற்கெனவே அச்சாகி இருந்தது. 1882-இன் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் அமலானது சென்னை, மத்திய மாகாணம், குடகு ஆகிய மூன்று இடங்களில்தான். அதன் 52-ஆம் பிரிவு லைசென்ஸ் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. 60-ஆம் பிரிவு, லைசென்ஸை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியிருந்தால் அதை ரத்து செய்ய முடியாது என்கிறது. இன்வர்ட்ஸ் வழக்கின் பங்களாவுக்கு 83 வருஷம் முன்பே! அதே வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி, பணமோ பண்டமோ சேவையோ ஏதாவது ஒரு பிரதிபலன் இல்லாமல் குத்தகையே கிடையாது. ஆகவே சும்மா இருக்கும் மச்சினன் இங்கே குத்தகைதாரர் ஆக வழியே இல்லை.

அப்படியிருந்தும் 1959-இல் டெல்லியில் ஒரு ஹோட்டலுக்குள் இருந்த முடிதிருத்தும் கடை சம்பந்தமான வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் எரிங்டனையும் காப் எதிர் லேனையும் எடுத்துப் பேசியது. எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். அன்று முதல் நியூகாசில் மருமகள் இந்தியத் தீர்ப்புகளில் நிரந்தரவாசி. 2012-இல் கோவாவிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது: சகோதரியின் வீடு, உள்ளே சகோதரன், வருஷக்கணக்காக. எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இருக்கவிட்ட உறவினருக்கு உரிமை பிறக்காது என்று தீர்ப்பு. ஊர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மேலே இருக்கிறவர்

சரி, கீழே இருப்பவர் கதை இது. இப்போது ஃப்ரீஹோல்டர் பக்கம் வருவோம்.

லண்டனின் மேஃபேர் போன்ற பகுதிகள் 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பங்களின் நிலத்தில் நீண்டகாலக் குத்தகைக்குக் கட்டப்பட்டவை. குத்தகை முடிந்தால் நிலமும் வீடும் திரும்பி வரும். ஆகவே நடுவில் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதில் பிரபுவுக்கு அக்கறை. "கைமாற்றக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது, சுவாதீனத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது" என்ற தொடர் அப்படிப்பட்ட பத்திரங்களில் ஊறிப்போனது. இன்றைய பல ஃபிளாட் பத்திரங்களிலும் ஏறக்குறைய அதே சொற்கள்.

ஆனால் நீதிமன்றங்கள் இந்தத் தொடரை எப்போதும் இறுக்கிப் பிடித்துத்தான் படித்தன. எழுதியது மட்டும்தான் தடை, அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. உள்வாடகைக்கு விடக் கூடாது என்று இருக்கிறதா? தங்குவோரை வைத்துக்கொள்வது உள்வாடகை ஆகாது என்று 1814-லேயே லார்டு எல்லன்பரோ சொல்லிவிட்டார். 1926-இல் சாப்ளின் எதிர் ஸ்மித் வழக்கில் ஒருவர் தன் குத்தகைக் கட்டடத்தைத் தானே நடத்திய கம்பெனி பயன்படுத்த விட்டிருந்தார். தினமும் அங்கே வந்து போனார், சாவி அவரிடமே இருந்தது. ஆகவே சுவாதீனம் கைமாறவில்லை. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: குத்தகைதாரரையே வெளியே நிறுத்தும் உரிமை இன்னொருவருக்குப் போனால்தான் சுவாதீனத்தை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

இங்கேதான் இரண்டு கேள்விகளும் ஒன்று சேருகின்றன. வாடகையில்லாமல் இருக்கும் உறவினர் லைசென்ஸில் இருப்பவர் என்றால், அவரிடம் சுவாதீனம் போகவில்லை, உள்வாடகையும் இல்லை. ஃப்ரீஹோல்டரின் பழைய தொடர் அவரைத் தொடாது. 1952-இல் அந்தச் சகோதரனிடமிருந்து எதை மறுத்தார்களோ, அந்த மறுப்பேதான் இன்று ஃபிளாட்காரரின் கவசம். அவர் பத்திரமாக இருப்பது, உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் இல்லாததால். இதை மச்சினனிடம் யாரும் இப்படிச் சொல்லிக் குடிவைக்க மாட்டார்கள், இல்லையா?

வாடகையின்மை என்பது எவ்வளவு விசித்திரமான அளவுகோல் என்பதற்கு ஒரு வேடிக்கை. 2022 ஜூன் 30 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக எழுதப்படும் பெரும்பாலான நீண்டகால வீட்டுக் குத்தகைகளுக்கு நில வாடகை "ஒரு மிளகு" மட்டும். உண்மையிலேயே மிளகுதான், வாடகை என்று பெயருக்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்று ஆங்கில வக்கீல்கள் பல நூற்றாண்டாக எழுதி வந்த சடங்கு. நடைமுறையில் பூஜ்யம். ஆக நில வாடகை கொடுக்காத ஃபிளாட்காரருக்கு 125 வருஷ உரிமை. அவருக்கு வாடகை கொடுக்காத மச்சினனுக்கு நாளைக்காலை வரைக்கும் உத்தரவாதம் இல்லை. வாடகை இரண்டு பேரும் தருவதில்லை. ஒருவர் கையில் பத்திரம் இருக்கிறது, இன்னொருவர் கையில் சாவி இருக்கிறது.

பத்திரத்தின் மற்ற வரிகள் அவ்வளவு தாராளமானவை இல்லை. சிலவற்றில் "குடியிருப்பைப் பகிரவும் கூடாது" என்று இருக்கும். லைசென்ஸ் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. சிலவற்றில் "குத்தகைதாரரும் அவர் குடும்பத்தாரும் மட்டும்" என்று இருக்கும். குத்தகைதாரர் வெளிநாட்டில் இருக்க, மச்சினன் மட்டும் தனியாக இருந்தால் அந்த "உம்" என்ன ஆகும்? "தனிப்பட்ட வசிப்பிடமாக மட்டும்" என்ற வரி 2016-இல் நெம்கோவா வழக்கில் உயிர்பெற்றது. ஃபிளாட்டைச் சில நாட்கள் மட்டும் தங்குகிறவர்களுக்கு விட்டது அந்த வரியை மீறியது என்று தீர்ப்பு. ஒரு சில நாள் தங்குபவருக்கு அது வசிப்பிடம் ஆகாது. இரண்டு வருஷம் அங்கேயே இருந்து, கடிதமும் அங்கேயே வாங்கும் உறவினருக்கு அது வசிப்பிடம்தான். இந்த ஒரு விஷயத்தில் நீண்டகாலம் தங்குவது நல்லது.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1881-இன் சொத்து மாற்றுச் சட்டம், நிபந்தனையை மீறிய குத்தகைதாரருக்கு முன்னறிவிப்பும் மன்னிப்பு கேட்கும் வாய்ப்பும் தந்தது. ஆனால் கைமாற்றல், உள்வாடகை, சுவாதீனம் விடல் ஆகிய மூன்றையும் மட்டும் அந்தச் சலுகையிலிருந்து விலக்கி வைத்தது. விளைவு 1891-இன் பாரோ எதிர் ஐசக்ஸ். உள்வாடகைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள். கேட்டிருந்தால் மறுக்க எந்தக் காரணமும் இல்லாத ஆளுக்குத்தான் விட்டிருந்தார்கள். ஆனாலும் குத்தகை போயிற்று. மறதிக்கு மன்னிப்பு இல்லை என்றது நீதிமன்றம். 1925 சட்டத்தின் 146-ஆம் பிரிவு அந்த விலக்கை எடுத்தது. 2002 சட்டத்தின் 168-ஆம் பிரிவு, நீண்டகால வீட்டுக் குத்தகையில் குத்தகைதாரரே மீறலை ஒப்புக்கொண்டாலோ, மீறல் நடந்தது என்று தீர்ப்பாயமோ நீதிமன்றமோ முடிவு செய்தாலோ ஒழிய அந்த 146 நோட்டீஸையே அனுப்ப முடியாது என்றது. இப்போது ஃபிளாட்காரருக்குத் தயார் செய்ய நேரம் இருக்கிறது. உள்ளே இருக்கும் மச்சினனுக்கு அந்த நோட்டீஸ் வரவே வராது. அது பத்திரத்தில் பெயர் இருப்பவருக்கு மட்டும்தான்.